வீடியோ கேம்களில் கிராமமும் நகரமும் – ஒரு குட்டி வரலாறு

சிம்சிட்டி விளையாடியவர்களுக்கு ஒரு கேள்வி. ஆட்டம் தொடங்கும்போது திரையில் என்ன இருக்கும்? கொஞ்சம் மரம், கொஞ்சம் தண்ணீர், மீதியெல்லாம் வெறும் மண். அந்த மண்ணில் நீங்கள் ரோடு போடுவீர்கள், மின்கம்பி இழுப்பீர்கள், மனை பிரிப்பீர்கள். சற்று நேரத்தில் வீடு முளைக்கும், கடை முளைக்கும், தொழிற்சாலை புகை கக்கும். எல்லாம் சரி. நீங்கள் ரோடு போடுவதற்கு முன்னால் அந்த மண் யாருடையது?

யாருடையதும் இல்லை என்பதுதான் ஆட்டத்தின் பதில். இந்தப் பதிலில் ஒரு பெரிய வரலாறு ஒளிந்திருக்கிறது என்று நினைக்கிறேன். வீடியோ கேம்கள் நகரத்தை எப்படிக் காட்டின, கிராமத்தை எப்படிக் காட்டின, அந்தக் கிராமத்தில் யாரை விட்டுவிட்டன என்பதைப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை. கதையின் பெரும்பகுதி ஜப்பானில் நடக்கிறது. காரணம், கிராமத்து வாழ்க்கையை ஒரு தனி விளையாட்டு வகையாகவே ஆக்கியது ஜப்பான்தான்.

காலி மனை என்கிற கிராமம்

முதலில் அமெரிக்கா. வில் ரைட் என்பவர் 1984இல் ஒரு ஹெலிகாப்டர் சண்டை விளையாட்டைச் செய்தார். குண்டு போடுவதற்காகத் தீவுகளை வரைந்துகொண்டிருந்தபோது, குண்டு போடுவதைவிட ஊர் கட்டுவதுதான் தனக்குப் பிடித்திருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது. பிறகு நகர வளர்ச்சி பற்றி ஜே ஃபாரெஸ்டர் 1969இல் எழுதிய நூலைப் படித்தார். நகரத்தைச் சமன்பாடுகளால் இயங்கும் ஓர் இயந்திரமாகப் பார்க்கிற நூல் அது. இதிலிருந்தெல்லாம் 1989இல் பிறந்ததுதான் சிம்சிட்டி.

இந்த ஆட்டத்தில் நிலம் மூன்றே வகை. குடியிருப்பு, வணிகம், தொழில். வயல் என்று ஒன்று கிடையாது. அவ்வளவு பேரும் என்ன சாப்பிடுகிறார்கள் என்ற கேள்வியே எழுவதில்லை. அடுத்தடுத்து வந்த பதிப்புகளில் இந்தக் குறை கொஞ்சம் சரியானது, ஆனால் எப்படிச் சரியானது என்பதைப் பாருங்கள். 2003இல் வந்த சிம்சிட்டி 4இல் விவசாயம் வந்துவிட்டது. அது எந்தத் தலைப்பின் கீழ் வருகிறது தெரியுமா? தொழிற்சாலைப் பகுதியின் ஆகக் குறைந்த அடர்த்தி வகை! கூலி குறைவான வேலை. ஊர் வளர வளர வயலை அழித்து அதன்மேல் வேறு எதையாவது கட்டுவதுதான் பெரும்பாலோர் செய்வது. விவசாயம் என்பது இன்னும் முன்னேறாத தொழில் என்ற எண்ணம் சட்டதிட்டமாகவே ஆட்டத்துக்குள் இருக்கிறது.

நியாயமாக இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். சிம்சிட்டியைச் செய்த அதே மாக்ஸிஸ் நிறுவனம் 1993இல் சிம்ஃபார்ம் என்று ஒன்றை வெளியிட்டது. அதில் வறட்சி உண்டு, பூச்சி உண்டு, வங்கிக் கடனும் உண்டு. ஆனால் அண்ணனுக்குக் கிடைத்த பெயரில் கால்பங்குகூடத் தம்பிக்குக் கிடைக்கவில்லை.

ஊரை விட்டு வந்தவர்களின் நாடு

இப்போது ஜப்பானுக்குப் போவோம். அங்கே விளையாட்டுகளுக்கு முன்னால் ரயிலைப் பற்றிப் பேச வேண்டும்.

1954இல் வடக்கே இருக்கும் அவோமோரியிலிருந்து டோக்கியோவின் உவேனோ நிலையத்துக்கு ஒரு சிறப்பு ரயில் ஓடியது. அதில் வந்தவர்கள் நடுநிலைப் பள்ளியை முடித்த 15 வயதுப் பிள்ளைகள். ஆலைகளுக்கும் கடைகளுக்கும் கூட்டமாக வேலைக்கு அழைத்து வரப்பட்டவர்கள். தொழில் வளரும் நாட்டுக்கு அவர்கள் தேவைப்பட்டார்கள். 'பொன் முட்டைகள்' என்றே அவர்களுக்குப் பெயர். இப்படிப்பட்ட ரயில்கள் 1975 வரை ஓடின.

பிள்ளைகள் போன பிறகு ஊரில் மிஞ்சியது யார்? 1960களில் ஜப்பானில் 'மூன்று சான் விவசாயம்' என்று ஒரு சொல் புழங்கியது. சான் என்பது அன்பாக அழைக்கும்போது பெயரோடு சேர்க்கும் ஒட்டு. தாத்தா, பாட்டி, அம்மா ஆகிய மூவரும் செய்கிற விவசாயம் என்று பொருள். அப்பா எங்கே? கட்டட வேலைக்கோ ஆலை வேலைக்கோ வெளியூர் போயிருப்பார்.

அடுத்த அடி நெல்லின் மேல் விழுந்தது. ஜப்பானியர்கள் அரிசி சாப்பிடுவது குறைந்துகொண்டே வந்தது. விளைச்சலோ கூடிக்கொண்டே போனது. 1970இல் அரசு நெல் பரப்பைக் குறைக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தது. அதாவது, நெல் போடாமல் இருக்க விவசாயிக்குப் பணம்! கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு, 2018 வரை, இந்த ஏற்பாடு ஏதோ ஒரு வடிவில் நீடித்தது.

வேடிக்கை என்னவென்றால், கிராமம் காலியாகக் காலியாக, நகரத்தில் கிராமத்தின் மேல் ஏக்கம் கூடியது. ஜப்பானிய மொழியில் ஃபுருசாத்தோ என்று ஒரு சொல் இருக்கிறது. நாம் 'சொந்த ஊர்' என்று சொல்லும்போது தொண்டையில் ஏதோ அடைக்குமே, அந்தப் பொருள். 1970இல் ஜப்பான் தேசிய ரயில்வே 'டிஸ்கவர் ஜப்பான்' என்று விளம்பரம் செய்து, நகரத்து இளைஞர்களைப் பழைய ஊர்களுக்குச் சுற்றுலா அழைத்தது. பிள்ளைகளை ஊரிலிருந்து கொண்டுவந்ததும் அதே தண்டவாளம்தான் என்பதைக் கவனிக்கவும். பிறகு 1988-89இல் பிரதமர் தகேஷிதா, 'சொந்த ஊரை உருவாக்குவோம்' என்று சொல்லி, பெரிய மாநகரங்கள் போன்ற சில விலக்குகள் தவிர, ஊராட்சிக்கு 10 கோடி யென் வீதம் கொடுத்தார். எதற்கு வேண்டுமானாலும் செலவழிக்கலாம். அவாஜித் தீவில் இருந்த சூனா என்ற ஊர் அந்தப் பணத்தை வைத்துப் பெரிய தங்கக் கட்டி ஒன்றைக் காட்சிக்கு வைத்தது. பார்க்கக் கூட்டம் வந்தது. ஆனால் தங்கக் கட்டி நாற்று நடாது அல்லவா :-)

ஏக்கத்தில் பிறந்த விளையாட்டுகள்

இந்தப் பின்னணியில்தான் 1996 வருகிறது. பொருளாதாரக் குமிழி உடைந்து, நகரத்து வேலையின் பளபளப்பும் மங்கிப்போயிருந்த காலம். அந்த ஒரே ஆண்டில் இரண்டு முக்கியமான விளையாட்டுகள் வந்தன.

பிப்ரவரியில் போக்கிமான். அதை உருவாக்கிய சடோஷி டஜிரி டோக்கியோவின் மேற்குப் புறநகரான மச்சிடாவில் வளர்ந்தவர். சின்ன வயதில் பூச்சி பிடிப்பதுதான் அவருக்கு உயிர். அவர் வளர வளரக் குளங்களும் புதர்களும் கட்டடங்களுக்கு அடியில் போயின. தான் புதரில் தேடிய அந்தச் சந்தோஷம் நகரத்துப் பிள்ளைகளுக்கும் கிடைக்க வேண்டும் என்பதே அவர் ஆசை. போக்கிமானில் உயரமான புல்லுக்குள் காலை வைத்ததும் ஏதோ ஒரு ஜந்து குதிக்கிறதே, அது மச்சிடாவின் தொலைந்துபோன புல்வெளி.

ஆகஸ்டில் 'போக்குஜோ மோனோகத்தாரி'. வெளிநாடுகளில் ஹார்வெஸ்ட் மூன் என்ற பெயரில் தெரியவந்தது. இதை உருவாக்கிய யசுஹிரோ வாடா, க்யூஷு தீவின் கிராமப்புறத்தில் வளர்ந்து டோக்கியோவுக்கு வேலைக்கு வந்தவர். ஊரில் இருந்தபோது தெரியாத ஊரின் அருமை டோக்கியோ வந்த பிறகுதான் தெரிந்தது என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். சண்டையே இல்லாத ஒரு விளையாட்டைச் செய்ய நினைத்தார். நிலத்தைக் கொத்தி, விதைத்து, தண்ணீர் ஊற்றி, மாடு கறந்து, கோழிக்குத் தீனி போட்டு, ஊர்த் திருவிழாவுக்குப் போய், பிடித்த பெண்ணைக் கல்யாணம் செய்து வாழலாம். வாளும் துப்பாக்கியும் ஆண்ட காலத்தில் இது சாதாரணத் துணிச்சல் இல்லை.

2000இல் 'போக்கு நோ நட்சுயசுமி' (என் கோடை விடுமுறை) வந்தது. ஒன்பது வயது நகரத்துப் பையன், அம்மா பிரசவத்துக்குக் காத்திருப்பதால், கிராமத்துச் சித்தி வீட்டில் ஆகஸ்ட் மாதத்தைக் கழிக்கிறான். பூச்சி பிடிக்கலாம், மீன் பிடிக்கலாம், பட்டம் விடலாம். முப்பத்தொரு நாள், அவ்வளவுதான் ஆட்டம். கதை நடக்கும் ஆண்டு 1975. பொன் முட்டைகளின் ரயில் நின்ற அதே ஆண்டு! தற்செயலாகவும் இருக்கலாம், ஆனால் பொருத்தமான தற்செயல்.

2001இல் அனிமல் கிராஸிங். அதன் பின்னால் இருந்த கட்சுயா எகுச்சி, நிண்டெண்டோவில் வேலை கிடைத்து சீபாவிலிருந்து கியோட்டோவுக்கு வந்து, குடும்பத்தையும் நண்பர்களையும் பிரிந்து தவித்தவர். ஆட்டத்தின் தொடக்கத்தில் நீங்கள் ரயிலில் ஒரு முன்பின் தெரியாத கிராமத்துக்குப் போகிறீர்கள். இறங்கியதும் டாம் நுக் என்ற கடைக்காரர் ஒரு வீட்டைக் கடனில் உங்கள் தலையில் கட்டிவிடுவார். வட்டி கிடையாது, கெடு கிடையாது. இப்படி ஒரு கடன்காரர் நமக்குக் கிடைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

டஜிரி புல்வெளியைக் கட்டடத்திடம் பறிகொடுத்தார். வாடா ஊரை விட்டு வந்தார். எகுச்சி வீட்டை விட்டு வந்தார். இந்தக் கிராமங்களைக் கட்டியவர்கள் எதையோ பின்னால் விட்டுவிட்டு வந்தவர்கள்.

நெல் எங்கே?

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஹார்வெஸ்ட் மூன் வெளியான 1996க்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் நிஜ ஜப்பானிய விவசாயிக்கு என்ன நடந்தது?

1993இல் கோடைக்காலம் குளிர்ந்துபோய் நெல் விளைச்சல் இயல்பில் முக்கால் பங்காகச் சரிந்தது. அரிசியை வெளியிலிருந்து வாங்கவே மாட்டோம் என்றிருந்த நாடு, தாய்லாந்து அரிசியை அவசரமாக இறக்குமதி செய்தது. அதே ஆண்டு டிசம்பரில் உருகுவே சுற்றுப் பேச்சுவார்த்தையில் அரிசிச் சந்தையைக் கொஞ்சம் திறக்க ஜப்பான் ஒப்புக்கொண்டது. 1942 முதல் இருந்த உணவுக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1995இல் போனது. நெல்லின் விலை மெல்ல மெல்லச் சந்தையின் கைக்குப் போக ஆரம்பித்தது.

அடுத்த ஆண்டு வந்த விளையாட்டில் நெல்லே இல்லை! டர்னிப், உருளைக்கிழங்கு, தக்காளி, மக்காச்சோளம். மாடு, கோழி. வேலி போட்ட மேய்ச்சல் நிலம். படத்தில் பார்த்த மேல்நாட்டுப் பண்ணை மாதிரி. விளைந்ததைப் பெட்டியில் போட்டால் மாலை 5 மணிக்கு ஒருவர் வந்து எடுத்துக்கொண்டு காசு கொடுப்பார். எவ்வளவு போட்டாலும் எடுத்துக்கொள்வார். டர்னிப்புக்கு என்றைக்கும் ஒரே விலை. ஊரே டர்னிப் போட்டால் விலை விழுமே என்ற பயம் இல்லை, ஏனென்றால் ஊரில் வேறு யாரும் விவசாயமே செய்வதில்லை! புயல் வரும், பயிர் போகும், உண்மைதான். ஆனால் இயற்கை கெடுப்பதோடு சரி, மனிதன் கெடுப்பதில்லை.

உலகத்தில் எந்த விவசாயியிடம் போய், 'நீ எவ்வளவு கொண்டுவந்தாலும் நிலையான விலைக்கு அன்றைக்கே காசு' என்று சொன்னாலும் கையெடுத்துக் கும்பிடுவார். இந்த விளையாட்டின் உண்மையான மாயாஜாலம் மண்ணில் இல்லை. அந்தப் பெட்டியில் இருக்கிறது.

ஒரே ஒரு முறை நிஜம் கதவைத் தட்டியது. 2001இல் வந்த 'சேவ் தி ஹோம்லேண்ட்' என்ற பகுதியில், கிராமத்தை உல்லாசத் தலமாக்கப் போகிறார்கள், ஒரு வருடத்துக்குள் அதைத் தடுக்க வேண்டும் என்பதே கதை. இது கற்பனை மட்டும் இல்லை. 1987இல் ஜப்பான் உல்லாசத் தலங்களை ஊக்குவிக்கச் சட்டமே போட்டது. க்யூஷுவின் மியசாகியில் அந்தச் சட்டத்தின்கீழ் எழுந்த பிரம்மாண்டமான சீகையா வளாகம் 1993இல் திறந்தது, 2001இல் பெருங்கடனோடு திவாலானது. ஆட்டத்தில் ஊரைக் காப்பாற்றுவது அரிய பூவோ பறவையோ புதையலோ மாதிரி ஏதாவது ஒன்று. நிஜத்தில் பெரும்பாலும் அப்படி எதுவும் வருவதில்லை.

பயமுறுத்தும் கிராமம்

ஏக்கத்துக்கு மறுபக்கம் ஒன்றும் இருக்கிறது. 2004இல் வந்த ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸில், கதாநாயகனை ஊழல் போலீஸ்காரர்கள் நகரத்திலிருந்து தூக்கி வந்து கிராமப்புறத்தில் போடுகிறார்கள். கிராமம் என்பது அங்கே ஒரு தண்டனை. அங்கே அவன் செய்கிற வேலைகளில் ஒன்று ஒரு பண்ணையிலிருந்து அறுவடை இயந்திரத்தைத் திருடுவது. அறுவடை செய்வது இல்லை!

2005இல் ஜப்பானிய நிறுவனமான கேப்காம் வெளியிட்ட ரெசிடென்ட் ஈவில் 4 இன்னும் ஒரு படி மேலே போனது. ஸ்பெயினின் உள்நாட்டுக் கிராமம் ஒன்று. கோடரி, கவைக்கோல், மரம் அறுக்கும் இயந்திரத்தோடு கிராமத்தார் துரத்துவார்கள். அவர்களுக்கு ஆட்டத்தில் 'கனாடோ' என்று பெயர். ஸ்பானிய மொழியில் கால்நடை என்று பொருள்.

ஹார்வெஸ்ட் மூனின் புன்னகைக்கும் கிராமத்தாரும் இந்தக் கோடரி தூக்கிய கிராமத்தாரும் எதிரெதிர் போலத் தெரியும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டிலும் பார்க்கிற கண் ஒன்றுதான்: நகரத்திலிருந்து வந்து இறங்கியவனின் கண். ஒன்றில் கிராமத்தார் அவனுக்கு மருந்து, இன்னொன்றில் அவனுக்கு ஆபத்து. அவர்களுக்கென்று ஒரு கவலை இரண்டிலும் அதிகம் இல்லை.

ஏக்கம் உலகமாகிறது

2009 ஜூனில் ஃபார்ம்வில் வந்தது. 2010 வாக்கில் மாதத்துக்கு 8 கோடிப் பேருக்கு மேல் அதில் பயிர் செய்தார்கள். அலுவலகக் கணினியில், மேலாளர் வராத நேரத்தில் அறுவடை! நேரத்துக்கு வராவிட்டால் பயிர் வாடும். அவசரமென்றால் நிஜக் காசு கொடுத்துப் பொருள் வாங்கலாம். இந்த நிலத்தில் உண்மையில் அறுவடையானது விளையாடுகிறவரின் நேரம்தான். 2020 டிசம்பர் 31 அன்று அந்தப் பண்ணையை மூடிவிட்டார்கள்.

2016 பிப்ரவரியில் வந்த ஸ்டார்டியூ வேலிதான் ஹார்வெஸ்ட் மூனின் நேர் வாரிசு. அமெரிக்காவின் சியாட்டில் பகுதியைச் சேர்ந்த எரிக் பரோன், நான்கு ஆண்டுகளுக்கு மேல் தனியாளாக உட்கார்ந்து இசை, படம், நிரல் எல்லாவற்றையும் தானே செய்தார். 2024 முடிவதற்குள் 4 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. ஆட்டம் தொடங்கும் இடம் ஜோஜா என்ற பெருநிறுவனத்தின் அலுவலகம். வரிசையாக அடைப்புகள், வரிசையாக மனிதர்கள். மேசை இழுப்பறையில் தாத்தாவின் கடிதம். அதைப் பிரித்தால் கிராமத்தில் ஒரு நிலம். கிராமத்துக்குப் போனால் அங்கேயும் ஜோஜாவின் பெரிய கடை வந்து ஊர்க் கடையை நசுக்கிக்கொண்டிருக்கிறது. ஊர்ப் பொதுமன்றத்தைச் சீர்செய்வதா, ஜோஜாவில் உறுப்பினராகி அதைக் கிடங்காக்க விடுவதா என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். கிராமத்தின் சிக்கல் நகரத்தில் முடிவாகிறது என்பதை இந்த ஆட்டம் தொட்டுவிட்டது. ஆனால் மாயப் பெட்டி இங்கேயும் இருக்கிறது. எவ்வளவு போட்டாலும் எடுத்துக்கொள்ளும்.

கடைசியில் நெல் வந்தது

2020 நவம்பரில் 'சகுனா' என்ற ஜப்பானிய விளையாட்டு வந்தது. எடெல்வைஸ் என்ற மிகச் சிறிய குழுவின் படைப்பு. தலைநகரில் சொகுசாக வாழ்ந்த ஒரு பெண் தெய்வம், தவறு செய்ததற்காகப் பேய்கள் வாழும் தீவுக்கு அனுப்பப்படுகிறாள். அங்கே நெல் விளைவித்தால்தான் பலம் கூடும். நாற்று விட வேண்டும், நட வேண்டும், களை எடுக்க வேண்டும், தண்ணீரின் உயரம் பார்க்க வேண்டும், எரு கலக்க வேண்டும், அறுத்துக் காயவைத்து, கதிரடித்து, குத்தி அரிசியாக்க வேண்டும். முதல் வருஷம் கைக்கு வருவது கொஞ்சம்தான். திணறிய ஜப்பானிய ரசிகர்கள் வழிகாட்டி தேடி, கடைசியில் தங்கள் நாட்டு வேளாண் அமைச்சகத்தின் வலைத்தளத்தைப் படித்தார்கள்! அதுதான் இந்த ஆட்டத்தின் சிறந்த கையேடு என்று இணையமெங்கும் கேலியும் மெச்சலுமாகப் பேச்சு.

கேலியாக இருந்தாலும் எனக்கு இது பெரிய விஷயம். ஹார்வெஸ்ட் மூனுக்கும் இதற்கும் இடையே 24 ஆண்டுகள். உழைப்பு என்பது ஒரு பொத்தான் இல்லை, அது ஓர் அறிவு என்று ஒரு விளையாட்டு மரியாதையோடு சொல்லிவிட்டது. வீட்டில் யாராவது நாற்று நட்டிருந்தால் அவர்களிடம் போய்க் கேட்க வைக்கிற விளையாட்டு.

ஆனால் அதே 2020இல் ஜப்பானில் எடுத்த வேளாண் கணக்கெடுப்பு என்ன சொல்கிறது? விவசாயத்தை முதன்மைத் தொழிலாகச் செய்பவர்கள் சுமார் 13.6 லட்சம் பேர். அவர்களின் சராசரி வயது 67.8.

இந்த எண்ணைத் திரும்ப ஒரு முறை படியுங்கள். ஸ்டார்டியூ வேலியில் தாத்தா இறந்ததும் பேரன் வேலையை உதறிவிட்டு ஊருக்கு வருகிறான். ஹார்வெஸ்ட் மூன் வரிசையிலும் தாத்தாவின் நிலத்துக்குப் பேரன் வருகிற கதை உண்டு. நிஜத்தில் தாத்தாவின் சராசரி வயது 67.8, பேரன் டோக்கியோவிலோ ஒசாகாவிலோ இருக்கிறான், ரயிலில் உட்கார்ந்து கைபேசியில் டர்னிப்புக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறான்.

அவனைக் குறை சொல்ல முடியாது. அவன் ஊருக்குப் போகாததற்குக் காரணம் சோம்பல் இல்லை. நிஜ ஊரில் அந்தப் பெட்டி இல்லை. விளைந்ததை எல்லாம் கேட்ட விலைக்கு வாங்கிக்கொள்ள மாலை 5 மணிக்கு யாரும் வருவதில்லை. சிம்சிட்டி கிராமத்தைக் காலி மனையாகக் காட்டியது, ஜப்பானிய விளையாட்டுகள் ஓய்வெடுக்கும் இடமாகக் காட்டின, ரெசிடென்ட் ஈவில் பயங்கரமாகக் காட்டியது, சகுனா உழைப்பாகக் காட்டியது. விளைந்ததை என்ன விலைக்கு விற்பது என்று இரவில் தூங்காமல் புரண்டு படுக்கும் ஓர் ஆள், இவ்வளவு பெரிய வெற்றி பெற்ற எந்த விளையாட்டுக்கும் இதுவரை நாயகனாகவில்லை.

அப்படி ஒரு விளையாட்டு வந்தால் யார் விளையாடுவார்கள் என்று கேட்கலாம். சண்டையே இல்லாமல் மாடு கறக்கும் விளையாட்டை யார் வாங்குவார்கள் என்றும் 1996இல் கேட்டிருப்பார்கள்.